யாழ்ப்பாணத்தில் இறந்த அப்பாவுக்கு வீட்டில் ஒரு படம்கூட இல்லை

மதுரையில் வசிக்கும் 39 வயது ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா பட்டாளத்துக்காரர். இந்திய அமைதி காக்கும் படையோடு இலங்கைக்குப் போனவர், 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்துச் சண்டையில் இறந்துவிட்டார். வாசகிக்கு அப்போது ஒன்றரை வயது. தீபாவளி கழிந்து நாலாம் நாள் தந்தி வந்தது. உடல் வரவில்லை, அங்கேயே எரியூட்டிவிட்டதாகச் சொன்னார்கள். பிறகு ஒருநாள் படைப்பிரிவிலிருந்து ஒருவர் வந்து, ஒரு டிரங்குப் பெட்டியையும் சின்ன அஸ்திக் கலசத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். அஸ்தியைத் திருப்புவனத்தில் கரைத்தார்கள். பெட்டியை அம்மா பூட்டி வைத்துவிட்டார்.

துஷ்டி கேட்க வந்தவர்களில் சிலர், "நம்ம சனத்தையே சுடப்போன இடத்துல..." என்று வாசலில் நின்று பேசியது அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. அதன்பின் அவர் கணவரைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. வீட்டில் படம் மாட்டவில்லை. திதி கொடுப்பதில்லை. தீபாவளிக்குப் புதுச்சேலை எடுப்பதில்லை. கேட்டால் "எண்ணெய்ச் சட்டி வாசம் எனக்கு ஒத்துக்கல" என்பார். தாய்மாமன் வீட்டில் இருந்துகொண்டு, பென்ஷன் பணத்தில் மகளைப் படிக்கவைத்து ஆளாக்கினார். இப்போது அறுபது தாண்டிவிட்டது, மகளோடு இருக்கிறார்.

இந்த ஆவணியில் ஊர்ச் சங்கத்தார் சிலர் வந்து, ஊர் முகப்பில் அப்பாவுக்குச் சிலை வைக்கப்போவதாகச் சொன்னார்கள். "தமிழர்களைக் கொன்ற படையில் இருந்தவருக்குச் சிலையா?" என்கிறார் வாசகியின் கணவர். 'தியாகி சான்றிதழ்' வாங்கித் தருவதாக ஒருவர் 20,000 ரூபாய் கேட்டிருக்கிறார். வெளிநாட்டில் இறந்ததாலும், அது அறிவிக்கப்பட்ட போர் இல்லை என்பதாலும், அரசாங்கம் அப்பாவைக் கணக்கிலேயே சேர்க்காமல் அனாதையாக விட்டுவிட்டது என்று வாசகி நம்புகிறார். அம்மா ஆடி மாதத்திலிருந்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அழுகிறார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பேரன் ஜூன் மாதம் என்.சி.சி.யில் சேர்ந்திருக்கிறான். அவனுடைய காக்கிச் சட்டையைக் கொடியில் காயப்போட்டால், பாட்டி ஈரத்தோடு எடுத்து உள்ளே போட்டுவிடுகிறாராம்.

வருகிற நினைவு நாளில், அம்மாவுக்குச் சொல்லாமல் உறவினர்களைக் கூட்டி, பெட்டியின் பூட்டை உடைத்து, உள்ளே இருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் படத்திறப்பு நடத்த வாசகி நினைக்கிறார். அப்படிச் செய்தால் அம்மா மனசுவிட்டுப் பேசிவிடுவார் என்பது எண்ணம். "நான் செய்வது சரியா? அப்பாவைப் பெருமையாக நினைக்க எனக்கு உரிமை இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உரிமை இருக்கிறது. உங்கள் அப்பாவை நினைக்க நீங்கள் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கணவரிடம் வேண்டாம், சங்கத்தாரிடம் வேண்டாம், அரசாங்கத்திடமும் வேண்டாம். ஆனால் அந்தப் பெட்டியைத் திறக்க அம்மாவின் சம்மதம் வேண்டும். பூட்டை உடைக்கும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். நல்ல எண்ணத்தில்தான் யோசித்திருக்கிறீர்கள், அது கடிதத்தில் தெரிகிறது. ஆனாலும் உறவினர் கூட்டத்துக்கு நடுவில், எதிர்பாராத நேரத்தில், கணவரின் முகத்தை ஆளுயரத்தில் பார்க்க நேர்ந்தால் அம்மாவுக்கு அது இரண்டாவது தந்தி வந்த மாதிரிதான் இருக்கும். அதுவும், அன்று வாசலில் நின்று பேசியவர்களின் வீட்டு ஆட்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

அம்மா மறக்கவில்லை

"அம்மா அப்பாவை மறக்க நினைக்கிறார், அல்லது மறந்தே விட்டார்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தந்தி வந்த நாளிலிருந்து ஒரு தீபாவளிக்கும் சேலை எடுக்காத பெண் திதி கொடுக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ஐயர் இல்லாமல், எள்ளும் தண்ணீரும் இல்லாமல், யாருக்கும் சொல்லாமல் வருஷா வருஷம் அவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நம் பக்கம் ஒரு சாவு விழுந்தால் துக்கத்தைச் சுமக்க ஊரே வரும். நீர்மாலை எடுப்பது, கோடி போடுவது, மாரடித்து ஒப்பாரி வைப்பது, பதினாறாம் நாள் விசேஷம் என்று அடுத்தடுத்து ஒவ்வொன்றாக இருக்கும். அழுகிறவளுக்குத் தோள் கொடுக்க நாலு பேர் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். செத்துப்போனவரின் நல்லது கெட்டது எல்லாம் ஒப்பாரியில் வந்துவிடும். உங்கள் அம்மாவுக்கு இதில் எதுவும் முழுசாகக் கிடைக்கவில்லை. அழுவதற்கு எதிரில் உடல் இல்லை. ஒப்பாரியில் "என் ராசா எங்கே விழுந்தீகளோ" என்று பாடினால், அந்த இடத்தின் பெயரே ஊருக்குப் பிடிக்காத பெயராக இருந்தது. இப்படி ஊர் இடம்கொடுக்காத துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் விரிவாக எழுதினார். உடலைப் பார்க்காமல் இழந்தவர்களின் தவிப்பைப் பற்றி உளவியலாளர் பாலின் பாஸ் பல ஆண்டுகள் ஆய்ந்து எழுதியிருக்கிறார். உங்கள் அம்மாவிடம் இந்த இரண்டும் சேர்ந்து இருக்கிறது. வருஷம் ஆனால் தானாக ஆறிவிடும் என்ற கணக்கு இந்த மாதிரித் துக்கத்துக்குப் பல நேரம் பொருந்துவதில்லை. கடைசியாகப் பார்த்த முகம், லீவு முடிந்து பஸ் ஏறிய முகமாகவே நின்றுவிடுகிறது.

உடல் வராததைப் பற்றி ஒரு திருத்தம். அப்பாவை மட்டும் யாரும் அனாதையாக விட்டுவிடவில்லை. போர்க்களத்தில் இறந்தவர்களை அந்தப் பக்கத்திலேயே எரியூட்டுவதும் அடக்குவதும்தான் அந்தக் காலத்து வழக்கம். தேசியக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வருவதை நாம் பரவலாகப் பார்க்கத் தொடங்கியது 1999 கார்கில் போரிலிருந்துதான். இதை அம்மாவுக்கும் பக்குவமாகச் சொல்லுங்கள். "அவரை மட்டும் கொண்டுவராம விட்டுட்டாங்க" என்ற எண்ணம் அவருக்குள்ளும் கிடக்கலாம்.

அடுத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்று. அம்மாவின் ராத்திரி அழுகைக்குச் சிலைப் பேச்சுதான் காரணம் என்கிறீர்கள். உங்கள் கடிதத்தின்படியே சிலைப் பேச்சு ஆவணியில் வந்தது. அழுகை ஆடியில் தொடங்கிவிட்டது. ஆடிக்கு முன்னால் உங்கள் வீட்டில் நடந்த ஒரே மாற்றம், ஆனியில் வந்த காக்கிச் சட்டை. ஈரச் சட்டையை அவர் ஏன் கொடியிலிருந்து எடுக்கிறார் என்று நினைக்கிறீர்கள்? வாசலில் சீருடை தொங்குவதைப் பார்க்க அவரால் முடியவில்லை. பேரனையும் பட்டாளத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் பயப்படுகிறார் என்றே நினைக்கிறேன். என்.சி.சி.யில் சேர்ந்தால் ராணுவத்துக்குப் போயே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இது உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். அதை நீங்கள் சொல்வதைவிட மகனே பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது நல்லது. அவனுக்கு உண்மையிலேயே ராணுவ ஆசை இருந்தால் அதை மறைத்துப் பொய் சொல்லவும் வேண்டாம். "இப்ப படிக்கிறேன், பாட்டி. எதுவா இருந்தாலும் உன்கிட்ட சொல்லாம செய்ய மாட்டேன்" என்று சொன்னால் போதும், அதுவும் அவன் மனசார நினைத்தால் மட்டும்.

அப்பாவைப் பற்றிய பேச்சைச் சாவிலிருந்து தொடங்காதீர்கள். "அப்பா எப்படிச் செத்தார்?" என்று கேட்டால் அம்மா கதவைச் சாத்திக்கொள்வார். அப்பாவுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்குமா, லீவுக்கு வந்தால் என்ன வாங்கிவருவார், உங்களைத் தூக்கினால் நீங்கள் அழுவீர்களா, சிரிப்பீர்களா என்று கேளுங்கள். ஒருநாள் பதில் வராது. அடுத்த வாரம் ஒரு வரி வரும். அப்போது போனை எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பிக்காதீர்கள். காய் நறுக்கிக்கொண்டே கேளுங்கள். பெட்டியைப் பற்றி ஒரே ஒரு முறை வெளிப்படையாகக் கேளுங்கள்: "உனக்கு எப்பத் தோணுதோ அப்பத் திறப்போம், நான் கூட இருக்கேன்." சாவி அவரிடமே இருக்கட்டும்.

அவர் திறந்தால், உள்ளே அநேகமாகக் கடிதங்கள் இருக்கும். பட்டாளத்திலிருந்து வந்த அந்தக் காலத்து இன்லேண்டுகளில் அனுப்புநர் முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. எண், பதவி, பெயர், படைப்பிரிவு, 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' (ராணுவத் தபால் நிலையம்) அவ்வளவுதான். காஷ்மீரிலிருந்து எழுதினாலும் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதினாலும் அதே முகவரிதான். கணவர் இருக்கும் நாட்டின் பெயரே தெரியாமல் உங்கள் அம்மா அந்தக் கடிதங்களுக்குப் பதில் போட்டிருக்கலாம். பழைய தாள் மடிப்பில் கிழியும். விரித்துப் போனில் படமெடுத்துவிட்டு, மடிப்பு இல்லாமல் ஒரு ஃபைலில் வையுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், பழைய படங்களையும் தாள்களையும் அது கெடுத்துவிடும்.

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, உடம்பு இளைக்கிறது, "நானும் போய்ச் சேர்ந்தா நல்லது" என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். ராஜாஜி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம்; தமிழிலேயே பேசுவார்கள். அறுபது வயதில் தூக்கம் கெடுவதற்குச் சர்க்கரை, தைராய்டு போன்ற காரணங்களும் உண்டு என்பதால் அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கணவரின் கோபம்

உங்கள் கணவர் சொல்வதை "அரசியல் பேச்சு" என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். அப்படி ஒதுக்க முடியாது. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தம் போட்டார்கள். அமைதி காக்கப் போன படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு நேரடிச் சண்டையில் இறங்கியது. யாழ்ப்பாண நகரத்தைப் பிடிக்க நடந்த அந்தச் சண்டையில் பொதுமக்கள் நிறையப் பேர் செத்தார்கள். அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்றும் மறுநாளும் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்த ஊழியர்களுக்கு அங்கே இன்றும் வருஷந்தோறும் அஞ்சலி செலுத்துகிறார்கள். உங்கள் அம்மா கொண்டாடாத அதே தீபாவளியை அந்த ஊரிலும் கொண்டாட முடியாத வீடுகள் இருக்கின்றன.

அதே போரில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்களும் இறந்தார்கள். தமிழ் பேசும் வீரர்களும் அந்தப் படையில் இருந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அன்றைக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களின் மனசு அப்படித்தான் இருந்தது. அதை இன்று உட்கார்ந்து குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தக் கோபத்தின் சுமை டெல்லியில் முடிவெடுத்தவர்கள் மேல் விழுந்ததைவிட, பேரையூர்ப் பக்கம் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணின் மேல் அதிகமாக விழுந்துவிட்டது. அது நியாயமில்லை என்பதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

உங்கள் அப்பா அந்த நாட்களில் எங்கே நின்றார், என்ன செய்தார் என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் கணவருக்கும் தெரியாது. எனவே அவர் ஒரு பாவமும் அறியாதவர் என்று நீங்கள் சத்தியம் செய்யவும் வேண்டாம். கொன்றவர் என்று தலைகுனியவும் வேண்டாம். ஒரு மனிதனை நினைப்பதற்கு அவன் செத்த போர் சரியா தப்பா என்று முதலில் தீர்ப்பு எழுதியாக வேண்டும் என்பதில்லை. நம் பக்கத்தில் இந்த வழக்கம் ரொம்பப் பழசு. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகல், இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழமையானது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் இருப்பது ஒருவனுடைய பெயரும், கூடலூரில் மாடு கவர்ந்தபோது நடந்த சண்டை பற்றிய குறிப்பும்தான். மாடு யாருடையது, எந்தப் பக்கம் நியாயம் என்று அந்தக் கல் பேசவில்லை. சண்டையில் செத்தவர்களைப் பட்டவன் என்று கும்பிடுகிற வீடுகள் இன்றும் நம் ஊர்களில் உண்டு. அங்கேயும் யாரும் வழக்கு விசாரித்துவிட்டுப் பொங்கல் வைப்பதில்லை.

கணவரிடம் தனியாக இருக்கும்போது ஒன்று சொல்லுங்கள். "நான் அந்தப் போரைக் கொண்டாடவில்லை, எங்க அப்பாவை நினைக்கிறேன். நீங்கள் மாலை போட வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் எண்பத்தேழில் வாசலில் நின்றவர்கள் சொன்னதையே இப்போது வீட்டுக்குள் மாப்பிள்ளை சொல்வதாகத்தான் அம்மாவுக்குக் கேட்கும்." அந்த வாசல் பேச்சு அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, நீங்களே அதைச் சமீபத்தில் மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஈழத்தில் செத்தவர்களுக்காக உருகுகிற மனிதர், சொந்த மாமியாரின் துக்கத்துக்கு உருகாமல் போக மாட்டார்.

அரசாங்கக் கணக்கில் அப்பா

இங்கே சில தவறான தகவல்களை யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 'தியாகி சான்றிதழ்' என்று ராணுவத்தில் ஒன்று கிடையாது. சண்டையில் இறந்தவரை ராணுவம் 'பேட்டில் கேஷுவல்டி' என்று பதிவு செய்யும். அதுதான் அதிகாரபூர்வமான பதிவு. அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே பென்ஷன் புத்தகத்தின் நகலையோ ஆதார் நகலையோ கொடுத்திருந்தால், அம்மாவின் பென்ஷன் வரும் வங்கிக் கிளையில் போய் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லிவிடுங்கள். ஓ.டி.பி. கேட்டால் சொல்லக் கூடாது என்று அம்மாவிடமும் சொல்லுங்கள்.

அறிவிக்கப்பட்ட போராக இருந்தால்தான் கணக்கில் வரும் என்பதும் சரியில்லை. இலங்கையில் நடந்ததற்கு 'ஆபரேஷன் பவன்' என்று பெயர். அதே யாழ்ப்பாணப் பகுதியில் 1987 நவம்பர் 25இல் இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு, நாட்டின் மிக உயர்ந்த போர் விருதான பரம்வீர் சக்கரா வழங்கப்பட்டது. டெல்லியில் 2019 பிப்ரவரி 25இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைத் தனித்தனிக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். இலங்கையில் இறந்தவர்களும் அதில் உண்டு. நினைவகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். தேடும்போது ஒரு எழுத்துக்கூட்டலோடு நிறுத்திவிடாதீர்கள். நம் பெயர்களை ராணுவக் கிளார்க்குகள் ஆங்கிலத்தில் எழுதும்போது இனிஷியல் போய்விடும், 'ழ' வேறு எழுத்தாகிவிடும், ஒரே பெயர் இரண்டாகப் பிரிந்துவிடும். பென்ஷன் ஆணையில் எப்படி இருக்கிறதோ அப்படியே போட்டுப் பாருங்கள்.

மதுரையில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அம்மாவின் பென்ஷன் ஆணையை எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே இதற்கெல்லாம் கட்டணம் இல்லை. அப்பாவின் ராணுவ எண் அந்த ஆணையிலேயே இருக்கும். அதை வைத்து அவருடைய ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதி, இறந்த தேதி, இடம், சூழ்நிலை ஆகியவற்றைக் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். பதில் வருவதற்கு முன்னால் உங்களுக்கு நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: எப்படி இறந்தார் என்பதை எவ்வளவு தூரம் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? தெரிந்துகொண்டதில் எவ்வளவை அம்மாவிடம் சொல்வீர்கள்? அவரோடு பணியாற்றியவர்கள் இன்று அறுபது, எழுபது வயதில் இருப்பார்கள். யாரையாவது சந்திக்க முடிந்தால், முதல் சந்திப்பில் அப்பா எப்படிச் சிரிப்பார், என்ன பாட்டுப் பாடுவார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. சண்டையில் இறந்தவரின் மனைவிக்கு வருவது 'லிபரலைஸ்டு' குடும்பப் பென்ஷன். சாதாரணக் குடும்பப் பென்ஷனைவிட இது கணிசமாக அதிகம். அம்மாவின் ஆணையில் எது எழுதியிருக்கிறது என்று அதே அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். தவறாக இருந்தால் திருத்த மனுப் போடலாம்.

சிலை

சிலை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18இல் உத்தரவிட்டிருக்கிறது. ஊர் முகப்பு என்றால் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் வரும். அனுமதி இல்லாமல் வைத்தால், ஒருநாள் தாசில்தாரும் போலீசும் வந்து எடுப்பார்கள். உங்கள் அம்மா உயிரோடு இருக்கும்போதே அது நடக்கலாம்.

சட்டத்தைவிட எனக்கு வேறொரு கவலை பெரிது. மதுரைச் சுற்று வட்டாரத்தில் சாலையோரச் சிலைகள் எத்தனை கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன என்று உங்களுக்கே தெரியும். மாலை போட எந்தக் கொடியோடு வருவார்கள், எந்தத் தெருவழியாக வருவார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் பேச்சு வரும். உங்கள் அப்பா ஒரு சாதியின் ஆளாகிவிடுவார். அவரோடு ஒரே பங்கரில் படுத்தவர்கள் பல மாநிலத்துக்காரர்கள், பல சாதிக்காரர்கள். சங்கத்தாரிடம் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல வேண்டாம். "அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை, இப்போது வேண்டாம்" என்றால் ஊரில் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று மனசு கிடந்து அடித்தால், அப்பா படித்த ஊர்ப் பள்ளிக்கு அவர் பெயரில் நூலக அலமாரி ஒன்றும் கொஞ்சம் புத்தகங்களும் வாங்கிக் கொடுங்கள். பெயர், ஊர், பிறந்த வருஷம், இறந்த வருஷம் மட்டும் எழுதினால் போதும். கொடுக்கும் நாளைக் கொடி நாளான டிசம்பர் 7இல் வைத்தால் தீபாவளியும் குறுக்கே வராது. இதையும் அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

திதியும் பயணமும்

அம்மா ஒருநாள் "அவருக்கு ஒரு தர்ப்பணம் கொடுக்கணும்" என்று தானாகச் சொன்னால், ஆண் வாரிசு இல்லையே என்று யாரும் தடுக்க வேண்டியதில்லை. மகள் வயிற்றுப் பேரன் கொடுக்கலாம், அது முறைதான். திருப்புவனமோ, தை அமாவாசைக்கு ராமேஸ்வரமோ, அவர் சொல்கிற இடத்துக்குப் போங்கள்.

யாழ்ப்பாணத்துக்கே போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று போவது சிரமமில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் உண்டு. திருச்சியிலிருந்தும் 2025இல் தொடங்கியிருக்கிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் போகிறது. கடல் நிலைமையைப் பொறுத்து அது நிற்கும், ஓடும். பலாலியில் இந்திய வீரர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. அது ராணுவப் பகுதி என்பதால் நேராகப் போய் நிற்க முடியாது; யாழ்ப்பாணத்தில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள். கொழும்புக்குப் பக்கத்தில் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டை என்ற ஊரில் இருக்கும் நினைவிடம் பார்க்க எளிது. இறந்த இந்திய வீரர்களின் பெயர்களை அங்கே கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் நீங்கள் தங்கும் விடுதிக்காரரோ ஆட்டோக்காரரோ அந்த அக்டோபரில் யாரையாவது இழந்தவராக இருக்கலாம். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் மறைக்க வேண்டாம், ஆனால் உங்கள் கதையைச் சொல்வதற்கு முன் அவர்கள் கதையைக் கேளுங்கள். முடிந்தால் மருத்துவமனையில் இறந்தவர்களுக்கும் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள். உங்கள் கணவரும் கூட வந்தால் நல்லது. அவருக்கும் அங்கே அஞ்சலி செலுத்த வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

அம்மா வருவாரா என்பது அவர் விருப்பம். ஆனால் பாஸ்போர்ட்டுக்கு இப்போதே விண்ணப்பித்து வைப்பதில் தப்பில்லை, அவரிடம் சொல்லிவிட்டுத்தான். அவர் வயதுக்காரர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பதில் மற்ற ஆவணங்களை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆதாரிலும் பான் கார்டிலும் பென்ஷன் ஆணையிலும் அம்மாவின் பெயரும் அப்பாவின் பெயரும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். மாறியிருந்தால் அதைத் திருத்தவே சில மாதம் பிடிக்கும்.